பிலடெல்பியாவின் சல்லடை

நான் இறையியல் பயின்ற குருமடத்தின் நூலகத்தில், எவரும் எடுத்துப் படிக்காத நூல்களுக்கென்று மூலையில் ஓர் அலமாரி இருந்தது. அதில் தூசி படிந்து கிடந்த இலத்தீன் நூல் ஒன்றை ஒருநாள் புரட்டியபோதுதான், அது திருச்சபையின் ‘தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணை’ என்பதை அறிந்தேன். 1948-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குப் பின் வேறு பதிப்பு வரவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் நூல்களின் பெயர்கள். அவற்றுள் விக்டர் ஹ்யூகோவின் பெயரைக் கண்டதும் எனக்கு வியப்பு. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கிய அந்தப் பெருங்கதை 1950-இல் திரைப்படமாகி, நம் மக்கள் கண்ணீர் மல்கக் கண்டு களித்த ஒன்று. வெள்ளி விளக்குத் தண்டுகளைத் திருடனுக்கே கொடுத்தனுப்பும் ஆயரை அக்கதையில் சந்திக்காத வாசகர் உண்டோ? அந்நூல் 1864-இல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு 1959 வரை அதிலேயே இருந்தது.

அந்த அட்டவணையின் வரலாற்றை நான் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கு நடத்தும் மாணவியர் விடுதியில் கணிப்பொறிகளுக்கு வடிகட்டி மென்பொருள் பொருத்திய நாளில்தான். பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாதவை படாதிருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டனர்; நானும் அதையே விரும்பினேன். அந்த விருப்பத்தில் தவறேதும் இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை. ஆயினும் சல்லடை ஒன்றைக் கையில் எடுப்பவர் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்திருப்பது நல்லது. இணையத்தில் சல்லடை இட்ட வரலாற்றின் பெரும்பகுதி, விந்தையாக, ஒரே ஊரில் நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரம் அது.

சகோதர அன்பு என்று பொருள்படும் அப்பெயரை வில்லியம் பென் தம் நகருக்குச் சூட்டினார். திருவெளிப்பாட்டு நூலில் ஏழு சபைகளுக்கு எழுதப்படும் மடல்களுள் பிலதெல்பியச் சபைக்குரிய மடலில், யாராலும் பூட்ட இயலாத திறந்த கதவு ஒன்று பேசப்படுகிறது. அப்பெயர் கொண்ட நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்திற்கு 1996 முதல் எட்டே ஆண்டுகளில், எக்கதவைத் திறப்பது, எக்கதவைப் பூட்டுவது என்னும் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதல் வழக்கு 1996-இல். அவ்வாண்டு பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டமொன்று, சிறுவர் காணக்கூடிய வகையில் இணையத்தில் ஆபாசமானவற்றை வைப்போரைக் குற்றவாளிகளாக்கியது. மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தனர். அரசு எல்லாருடைய வாயையும் அடைப்பதைவிடப் பெற்றோர் தம் வீட்டில் வடிகட்டி வைத்துக்கொள்வதே மேல் என்று வழக்குத் தொடுத்தோர் வாதிட்டனர். முந்தைய ஆண்டுதான் சந்தைக்கு வந்திருந்த ‘சர்ஃப்வாட்ச்’ என்னும் மென்பொருள் சான்றாகக் காட்டப்பட்டது. ஜூன் மாதம் சட்டம் நிறுத்தப்பட்டது. 1997 ஜூன் 26 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, வடிகட்டி முதன்முதலில் நீதிமன்றப் படியேறியபோது சுதந்திரத்தின் தோழனாகவே வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தத் தோழனுக்கு எழுத்து தெரியுமேயன்றிப் பொருள் தெரியாது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்றொரு ஊர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது அவ்வூர்ப் பெயரின் நடுவே நான்கெழுத்து இழிசொல் ஒன்று தற்செயலாக அமைந்துவிடுகிறது. 1996-இல் ‘அமெரிக்கா ஆன்லைன்’ நிறுவனத்தின் வடிகட்டி, அவ்வூரார் தம் ஊர்ப் பெயரை எழுதிப் பதிவு செய்யவே விடவில்லை. பவணந்தி முனிவர் கடை மாணாக்கனுக்கு நெய்யரியை உவமை சொன்னார்; நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது அது. மாணாக்கனுக்குக் குறையான அக்குணம் வடிகட்டிக்கு நிறைதான். எது நெய், எது கசடு என்று அது அறிந்திருந்தால்!

அறிந்திருக்கவில்லை என்பது 2002-இல் தெளிவாயிற்று. அரசிடம் இணைய உதவித்தொகை பெறும் பொது நூலகங்கள் அனைத்தும் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று 2000 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதே பிலடெல்பியாவில், மீண்டும் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு வந்தது. 2002 மே 31 அன்று அவர்கள் வழங்கிய தீர்ப்பில், சந்தையில் முன்னணியிலிருந்த வடிகட்டிகள் தவறாக அடைத்துவிட்ட தளங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. நெவாடா மாநிலத்து ஃபாலன் நகரில் புனித பேட்ரிக் ஆலயத்தைச் சார்ந்த ‘கொலம்பஸ் வீரர்கள்’ சபை ‘பாலுறவு வெளிப்படை’ என்னும் பிரிவில் அடைபட்டிருந்தது. ஹொண்டுராஸ் நாட்டில் 225 பிள்ளைகளைப் பேணிய ‘இம்மானுவேல்’ என்னும் கிறிஸ்தவ அநாதை இல்லமும் அதே பிரிவில் அடைபட்டிருந்தது. விவிலிய வசனங்கள் பொறித்த மரச் சுவர்த்தொங்கல்களை விற்ற கடை ஒன்று ‘பாலுறவு’ என்றும், பெண்களுக்கென மடம் கட்ட முனைந்த புத்த பிக்குணி ஒருவரின் பக்கம் ‘நிர்வாணம்’ என்றும் முத்திரை பெற்றிருந்தன. அந்தப் பிக்குணி தம்மைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் புன்னகைத்திருப்பார். அவர் மரபில் அச்சொல்லுக்கு நெருங்கிய உறவினராக ‘நிர்வாணம்’ வேறு பொருளில் உண்டல்லவா!

நகைப்பு ஒருபுறமிருக்க, இந்தப் பட்டியல் என்னைத் திருத்தந்தை பதினான்காம் பெனதிக்துவிடம் அழைத்துச் சென்றது. 1559-இல் நான்காம் சின்னப்பர் வெளியிட்ட முதல் உரோமை அட்டவணை கடுமையானது. எராஸ்முஸ் எழுதிய அனைத்தையும் அது ஒரே வீச்சில் தடை செய்தது. திரிதெந்துப் பொதுச்சங்கத்திற்குப் பின் 1564-இல் நான்காம் பத்திநாதர் அதைத் தளர்த்தினார். 1571-இல் அட்டவணைக்கெனத் தனிப் பேராயம் அமைந்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் நேர்ந்த தவறுகள் சிறியன அல்ல. கலிலேயோவின் ‘உரையாடல்’ 1835-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பட்டியலிலிருந்து நீங்கிற்று. இத்தவறுகளைத் திருச்சபைக்குள்ளிருந்தே கண்டு சீர்செய்ய முனைந்தவர் பதினான்காம் பெனதிக்து. 1753-இல் அவர் வெளியிட்ட ஆணை, நூலாய்வாளர்க்கு நெறிகளை வகுத்தது. அத்துறையில் புலமையுடையாரே ஆராய வேண்டும். நூலை முழுமையாகப் படிக்க வேண்டும். ஓரிடத்தில் பிறழ்ந்ததாகத் தோன்றும் சொல்லைப் பிறிதோரிடத்தில் ஆசிரியர் விளக்கியிருக்கிறாரா என்று ஒப்பிட வேண்டும். நற்பெயருடைய கத்தோலிக்க ஆசிரியராயின் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருத்தந்தை ஒருவர் மனித ஆய்வாளரிடம் கேட்ட இவற்றுள் ஒன்றைக்கூட இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விற்கப்பட்ட மென்பொருள்கள் நிறைவேற்றவில்லை. அவை சொல்லைக் கண்டன, நூலைப் படிக்கவில்லை.

நூலகச் சட்டத்தைப் பிலடெல்பியா நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 2003 ஜூன் 23 அன்று உச்சநீதிமன்றம், மூவர் மறுக்க அறுவர் இசைந்து, அச்சட்டத்தைக் காப்பாற்றியது. வயது வந்தவர் ஒருவர் கேட்டால் நூலகர் வடிகட்டியை நீக்கித் தரலாம் என்று சட்டத்திலேயே ஓர் இடம் இருந்தது. கேட்டால் கிடைக்கும்போது உரிமை எவ்வாறு பறிபோகும் என்பது பெரும்பான்மையோர் வாதம். அட்டவணை நடைமுறையிலிருந்த காலத்திலும் இவ்வாறே. தக்க காரணம் காட்டினால் ஆயரிடம் அனுமதி பெற்றுத் தடைசெய்யப்பட்ட நூலைப் படிக்கலாம். கேட்பதற்கே மக்கள் கூசுவார்களே என்று கீழ்நீதிமன்றம் எழுப்பிய ஐயத்தை உச்சநீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஐயம் எவ்வளவு பெரியது என்பதை நான் எங்கள் விடுதியில்தான் கற்றேன். செவிலியர் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருத்தியின் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தது. மருத்துவர் சொன்னது தாய்க்குப் புரியவில்லை. மகள் விடுதிக் கணிப்பொறியில் தேடினாள், பக்கம் அடைபட்டிருந்தது. பூட்டைத் திறக்கும் அதிகாரம் என் ஒருவனிடமே இருந்தது. அவள் என்னிடம் வரவில்லை. பல மாதங்கள் கழித்து, விடுதிப் பொறுப்பிலிருந்த அருள்சகோதரி வழியாகத்தான் செய்தி என் காதுக்கு எட்டியது. “ஃபாதர்கிட்டப் போய் இதை எப்படி சிஸ்டர் கேக்கறது?” என்றாளாம். அம்மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவனும், சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டவனும் நானே. பிறர்மேல் பழி போட இதில் இடமில்லை.

இதுவரை சொன்னவை ஒரு கணிப்பொறிக்குள், ஒரு கட்டடத்துக்குள் இடப்பட்ட சல்லடைகள். இணைப்பு வழங்கும் நிறுவனத்திலேயே, அதாவது ஊருக்கு வரும் வாய்க்கால் தலைமதகிலேயே, சல்லடை இட்டால் என்னாகும்? இதற்கும் விடை பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்திலேயே கிடைத்தது. 2002-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தைகளைப் பாலியல் முறையில் சிதைத்துக் காட்டும் தளங்களை, அறிவிப்பு வந்த ஐந்து வேலைநாட்களுக்குள் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு அடைக்க வேண்டும். நோக்கத்தில் ஐயப்பட ஒன்றுமில்லை. சிறியோருள் ஒருவருக்கு இடறலாய் இருப்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன எந்திரக்கல் உவமையைவிடக் கடுமையான சொல் நற்செய்தியில் அரிது. சிக்கல் கருவியில் இருந்தது.

வலைப்பின்னலில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்களாலான முகவரி உண்டு. தளத்தின் பெயர் வேறு. அப்பெயர் எந்த எண்ணில் குடியிருக்கிறது என்று சொல்லும் பெயரேடு வேறு. தளத்தினுள் இருக்கும் தனித்தனிப் பக்கம் வேறு. ஆகவே அடைப்பதற்கும் மூன்று வழிகள். எண்ணை அடைக்கலாம், பெயரேட்டில் அப்பெயரை அழிக்கலாம், அல்லது போக்குவரத்து முழுவதையும் நிறுத்தி, ஒவ்வொருவரும் கேட்கும் பக்கத்தைப் பார்த்து அதை மட்டும் மறுக்கலாம். மூன்றாவதே நேரியது, ஆனால் பெருஞ்செலவு பிடிப்பது. பென்சில்வேனியாவின் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலிரண்டு வழிகளையே கைக்கொண்டன. இங்குதான் விபரீதம். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கதவிலக்கம் ஒன்று, உள்ளே குடித்தனங்கள் பல என்பது போல, ஒரே எண்ணில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருப்பது இணையத்தின் வழக்கம். ஒரு குடித்தனத்தில் குற்றம் நடந்ததற்காகத் தெருக்கதவையே பூட்டினர்.

பிலடெல்பியா நீதிமன்றம் 2004 செப்டம்பர் 10 அன்று தந்த தீர்ப்பில் கணக்கு இருக்கிறது. அடைக்க எண்ணியவை 400-க்கும் குறைவான தளங்கள். அவற்றோடு சேர்ந்து அடைபட்ட குற்றமற்ற தளங்கள் 11,90,000-க்கும் மேல். நிறுவனங்களின் வலைப்பின்னல் மாநில எல்லையோடு நிற்பதில்லையாதலால், பென்சில்வேனியாவின் கட்டளை நாடெங்குமுள்ளோர் கண்களையும் மறைத்தது. மாநில அரசு வழக்கறிஞரின் அலுவலகம் நீதிமன்ற ஆணை பெறாமல், வெறும் கடிதங்கள் வழியாகவே பெரும்பாலும் இதைச் செய்தது. நீதிபதி டுபோய் சட்டத்தை நீக்கினார். களைகளைப் பறிக்கட்டுமா என்று கேட்ட பணியாளரிடம் நிலக்கிழார் அஞ்சியது இதையே அன்றோ? அடைபட்ட தளங்களின் படங்கள் அழியவில்லை, அவற்றில் சிதைக்கப்பட்ட குழந்தைகள் மீட்கப்படவுமில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. அடைப்பது மறைப்பதே ஆகும். மீட்பது காவல்துறையின் வேலை.

அதே 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் இதைவிடக் கூரிய சல்லடை ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் அமைத்த அதனைக் ‘கிளீன்ஃபீட்’ என்று அழைத்தனர். இரண்டு படிகளாக வடிகட்டுவது அது. ஐயத்துக்குரிய எண்ணை நோக்கிச் செல்லும் போக்குவரத்து மட்டும் முதற்படியில் பிரித்தெடுக்கப்படும். அடுத்த படியில் கேட்கப்படும் பக்கம் பட்டியலோடு ஒப்பிடப்படும். பட்டியலைத் தந்தது 1996-இல் தோன்றிய ‘இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை’. பென்சில்வேனியாவின் முரட்டுத்தனம் இதில் இல்லை. ஆயினும் 2008 டிசம்பர் 5 அன்று, ஜெர்மானிய இசைக்குழு ஒன்று 1976-இல் வெளியிட்ட இசைத்தட்டின் தகாத உறைப்படத்தைக் காட்டிய விக்கிப்பீடியாப் பக்கம் பட்டியலில் ஏறியது. உடனே பிரிட்டனிலிருந்து விக்கிப்பீடியாவுக்குச் சென்ற போக்குவரத்தெல்லாம் சல்லடையின் சில வாயில்கள் வழியாகவே சென்றதால், இலட்சக்கணக்கானோர் ஒருசில மனிதரே போலத் தோன்றினர். பெயர் பதியாதோர் எவரும் கட்டுரைகளைத் திருத்த இயலாமற்போயிற்று. பக்கத்தைத் தேடிய சிலருக்கு ‘தடை செய்யப்பட்டது’ என்றல்ல, ‘அப்படியொரு பக்கம் இல்லை’ என்றே விடை வந்தது. டிசம்பர் 9 அன்று அறக்கட்டளை தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ரிச்சர்ட் கிளேட்டன் இந்தச் சல்லடையின் உள்முரண் ஒன்றைக் காட்டியிருந்தார். எந்த எண்ணை அது தனியே பிரிக்கிறது என்று வெளியிலிருந்தே சோதித்தறியலாம். ஆகவே மறைத்துவைத்த பட்டியலே தீயோர்க்கு வழிகாட்டியாகலாம் என்றார். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் போட்லி நூலகத்தின் முதல் நூலகரான தாமஸ் ஜேம்ஸ், உரோமை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் வாங்கவேண்டிய நூல்கள் இவையே என்று தேர்ந்தவர். 1627-இல் அதனைத் தொகுத்து நூலாகவும் அச்சிட்டார்! பட்டியலை வெளியிட்டால் அது விளம்பரம் ஆகிறது. மறைத்தாலோ, தவறிழைக்கப்பட்டவர் தாம் அடைபட்டதையே அறியமாட்டார். திருச்சபை இவ்விரண்டில் முன்னதைத் தேர்ந்தது. அட்டவணை எவரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய அச்சு நூல். அதன் பல குறைகளுக்கிடையே இந்த ஒளிவின்மையை நான் மதிக்கிறேன்.

நம் நாடு பின்னதைத் தேர்ந்திருக்கிறது. 2003 செப்டம்பரில் மேகாலயத்துத் தீவிரவாத அமைப்பொன்றோடு தொடர்புடைய ‘கின்ஹுன்’ என்னும் ஒரு சிறு யாஹூ குழுவை அடைக்க ஆணை பிறந்தது. அந்த ஒன்றை மட்டும் அடைக்கத் தெரியாத நிறுவனங்கள் யாஹூ குழுக்கள் அனைத்தையுமே இரு வாரம்போல் இந்தியாவுக்கு மூடிவிட்டன. 2009-இல் வகுக்கப்பட்ட விதிகளின் 16-ஆம் விதி, அடைக்கக் கோரும் மனுக்களும் எடுக்கப்பட்ட நடவடிக்கையும் இரகசியமாய் இருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கியபோதும் இவ்விதிகளை நிலைக்கவிட்டது. சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2012-இல் ‘3’ என்னும் தமிழ்ப் படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் கொண்டு, சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுமையாக அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டும், தளத்தை அல்ல என்று ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. எட்டாண்டுகள் முன் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட பாடம் இது.

அதன்பின் சல்லடையின் தன்மையே மாறிவிட்டது. இணையப் பக்கங்கள் இப்போது முத்திரையிட்ட உறையில் வைத்த மடல்போலப் பயணம் செய்கின்றன. எந்த வீட்டுக்குப் போகிறது என்பது வெளியே தெரியும், உள்ளே எந்த அறைக்கு என்பது தெரியாது. விக்கிப்பீடியா 2015 ஜூனில் முழுவதுமாக இம்முறைக்கு மாறியது. ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பது இடைவழியில் நிற்பவர்க்கு இயலாமற்போனது. 2017 ஏப்ரல் 29 அன்று துருக்கி அரசு சில கட்டுரைகளைப் பொறாது விக்கிப்பீடியாவை எல்லா மொழிகளிலும் அடைத்தது. அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020 ஜனவரி 15 அன்றுதான் கதவு திறந்தது. தலைமதகில் கூரிய சல்லடை இனி எளிதன்று. ஒன்று ஊரையே அடைக்க வேண்டும், அல்லது வீட்டில் குடத்தடியில் துணி கட்ட வேண்டும்.

சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 2002 பிப்ரவரி 22 அன்று இணையம் பற்றி இரு மடல்களை வெளியிட்டது. பிள்ளைகள் பயன்படுத்தும் கணிப்பொறிகளில், பொருளும் நுட்பமும் இடந்தருமிடத்து, வடிகட்டி இருக்கட்டும் என்று பெற்றோர்க்கு ஒரு மடல் அறிவுறுத்துகிறது. அரசுகள் முன்கூட்டியே தணிக்கை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று மற்றது கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1966 ஜூனில் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் அட்டவணையின் சட்ட வலிமையை நீக்கியபோதும், நூல்களைத் தேர்வதில் மனச்சான்றின் கடமை நீங்கியதாக அது சொல்லவில்லை. சாவி கைமாறிற்று, அவ்வளவே.

எங்கள் விடுதியில் வடிகட்டி இன்றும் இருக்கிறது. திறக்கும் அதிகாரம் இப்போது அருள்சகோதரியிடமும் மூத்த மாணவியர் இருவரிடமும் உள்ளது. எந்தப் பிரிவின்கீழ் ஒரு பக்கம் அடைபட்டது என்பதும் திரையில் தெரிகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பின் திறக்கச் சொல்லி வந்த முதல் பக்கம், வலிநீக்கும் மருந்துகள் பற்றிய பாடக்குறிப்பு ஒன்று. ‘போதைப்பொருள்’ என்னும் பிரிவில் அது மாட்டியிருந்தது.